என் படகின் அலைக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி:

அக்கா, வணக்கம். பருத்தித்துறை என் ஊர், இப்போது குடும்பத்தோடு கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கிறேன். பாவித்த 19 அடிப் படகு ஒன்று வாங்கி இந்தக் கோடையில் கவார்த்தா ஏரிகளில் ஒன்றான பிஜன் ஏரியில் இறக்கினோம். ஓட்டுநர் அட்டை எடுத்திருக்கிறேன், எல்லோருக்கும் மிதப்புச் சட்டையும் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று பிரச்சினை. பிள்ளைகளைக் காற்றடித்த ரியூபில் வைத்துப் படகால் இழுத்துக்கொண்டிருந்தபோது கொட்டேஜ்காரர் ஒருவர், கரையில் விடுமுறை வீடு வைத்திருப்பவர், தன் டொக்குக்கு, அதாவது படகு கட்டும் மேடைக்கு, ஓடிவந்து, "ஓட்டத் தெரியாதவர்கள் ஏன் வருகிறீர்கள்" என்று கத்தினார். நான் கரையிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால்தான் நின்றேன், வேக எல்லைப் பலகை எதுவும் அங்கே இல்லை. பிறகு கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போன ஒரு தம்பதியைக் கண்டு மரியாதைக்கு வேகத்தைக் குறைத்தேன், அவர்களும் திட்டினார்கள். கடைசியில் பெரிய உல்லாசப் படகு ஒன்று எங்களை முந்திப் போய், அதன் அலையில் முன்னிருக்கையில் இருந்த என் அம்மா தூக்கிப் போடப்பட்டு முதுகு நோவோடு வீடு வந்தார். எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி நடக்கிறார்களா? கடலோரம் வளர்ந்த எனக்கு இந்த ஏரி அலையெல்லாம் ஓர் அலையாகவே தெரியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? நான் என்ன செய்யவேண்டும்?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும், அம்மாவை வைத்தியரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் இதை வாசித்து முடிக்க முன்னமே ஒரு நேரம் பதிந்துவிடுங்கள். படகின் முன்பக்கம் அலையில் ஏறி விழும்போது அதில் இருப்பவரின் உடம்பு ஒரு கணம் இருக்கையை விட்டு எழும்பும், அது கீழே வரும் நேரம் இருக்கை அடுத்த அலையோடு மேலே வந்துகொண்டிருக்கும், அந்த அடி நேரே முள்ளந்தண்டில் இறங்கும். சிறிய படகுகளில் நடக்கும் காயங்களில் முள்ளந்தண்டு எலும்பு நசுங்குவது நன்றாகத் தெரிந்த ஒன்று. வயதான பெண்களின் எலும்புக்கு அதற்குப் பெரிய அலைகூடத் தேவையில்லை. "பிடிப்புத்தான், இரண்டு நாளில் போய்விடும்" என்று அம்மா சொல்லுவார். கேட்காதீர்கள், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் படகோட்டக் கற்றுக்கொடுக்கிறவள், வகுப்புக்கு வரும் எங்கள் ஆட்கள் பலர் இதே மனவருத்தத்தோடுதான் வருகிறார்கள், காசு போட்டுப் படகு வாங்கி, பரீட்சை எழுதி, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தானே போனோம், ஏன் கத்துகிறார்கள் என்று. உங்கள் மூன்று சம்பவங்களும் எனக்கு ஒரே சம்பவமாகத்தான் தெரிகின்றன. படகு போன பிறகும் அது கிளப்பிய அலை ஏரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடி எங்கேயோ ஓரிடத்தில் யாரையோ போய் அடிக்கும், அடிக்கிற நேரம் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், திரும்பிப் பார்க்காவிட்டால் உங்களுக்குத் தெரியவும் வராது. முதல் இரண்டு இடத்திலும் நீங்கள் அலையை அனுப்பியவர், மூன்றாவதில் வாங்கியவர். அந்த உல்லாசப் படகுக்காரரும் அன்று இரவு நல்ல பிள்ளையாக, ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்ற நினைப்போடுதான் படுத்திருப்பார்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது, பலகை இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. விலக்குகளும் உண்டு: 100 மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள ஆறுகள், கால்வாய்கள், மிதவை போட்டுக் குறித்த வழிகள், நீர்ச்சறுக்குச் செய்பவரைக் கரைக்குச் செங்குத்தாக இழுத்தெடுப்பது. இந்த விலக்கைப் படித்துவிட்டு ஒடுக்கமான இடத்தில் எவ்வளவு வேகமாகவும் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய பிழை, அப்படிப்பட்ட பல இடங்களுக்குத் தனியாக எல்லை வைத்திருக்கிறார்கள். நீங்கள் போன பிஜன் ஏரி ட்ரென்ற்-செவேர்ன் நீர்வழியின் ஒரு பகுதி, அந்த வழியின் கால்வாய் வெட்டுகளில் எல்லை 10 கிலோமீற்றர்தான்.

ஆனால் 30 மீற்றர் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் தம்பி. கனடாவின் சிறு கலங்களுக்கான விதிகளில் இன்னொரு விதி இருக்கிறது. கவனயீனமாகவோ, மற்றவர்களைப் பற்றிய நியாயமான அக்கறை இல்லாமலோ கலத்தைச் செலுத்தக்கூடாது என்பது அது. அதில் தூரமும் இல்லை, வேகமும் இல்லை, பலகையும் தேவையில்லை. நீங்கள் 31 மீற்றரில் போனாலும் 60 மீற்றரில் போனாலும் உங்கள் அலை ஒருவரின் படகை டொக்கோடு மோதி உடைத்தால், அல்லது நீந்திக்கொண்டிருந்த பிள்ளையைப் புரட்டினால், பொலிஸ் அந்த விதியை எடுக்க முடியும், சேதத்துக்கு நட்டஈடு கேட்டு அவர் உங்கள்மேல் வழக்குப் போடவும் முடியும். அலை உங்களுடையது, அது அடங்கும்வரைக்கும் உங்களுடையது.

இனி அந்தக் கயாக் தம்பதி. உங்கள் மனதை அதிகம் நோகச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன், நல்லது செய்யப் போய்த் திட்டு வாங்கியது. அவர்கள் ஏன் திட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், நீங்கள் வேகத்தைக் குறைத்த விதம் அப்படி.

மோட்டார் படகு மெதுவாகப் போகும்போது தண்ணீருக்குள் அமர்ந்து, தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும், அலை சின்னதாக இருக்கும். நல்ல வேகம் எடுத்ததும் தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கி ஓடும், அப்போது அலை இருக்கும், ஆனால் தாழ்வாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு, உங்கள் அளவுப் படகுக்கு மணிக்கு 12இலிருந்து 25 கிலோமீற்றர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்க எழும்பும், பின்பக்கம் தண்ணீருக்குள் குந்தும், எஞ்சின் உறுமும், முன்னால் என்ன வருகிறது என்றே ஓட்டுபவருக்குத் தெரியாது. உங்கள் படகால் கிளப்பக்கூடிய மிகப் பெரிய அலை அங்கேதான் கிளம்பும். நீங்கள் 45இல் வந்து, கயாக்கை நெருங்கியதும் த்ரொட்டிலை இழுத்து 20க்குக் கொண்டுவந்திருப்பீர்கள். உங்களுக்கு அது பாதி வேகம், மரியாதை. கயாக்கில் தண்ணீர் மட்டத்தோடு இருக்கிற இரண்டு பேருக்கு, பேசாமல் போயிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய அலையை நீங்கள் பக்கத்தில் வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அதனால் இரண்டே வழிதான். தூரம் இருந்தால் வேகத்தைக் குறைக்காமல், விலகி, நல்ல அகலம் விட்டு ஒரே சீராகப் போங்கள். தூரம் விட இடமில்லையென்றால் முன்கூட்டியே, நூறு மீற்றர் இருக்கும்போதே குறைக்கத் தொடங்கி, அணியம் முழுதாகக் கீழே இறங்கிப் படகு மட்டமாகும்வரை குறையுங்கள், பிறகு அந்தச் சின்ன வேகத்தில் கடந்து போங்கள். முன்கூட்டியே என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: நீங்கள் வேகமாக வந்தபோது கிளப்பிய அலை உங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும், நீங்கள் திடீரென்று நின்றால் அது உங்களைத் தாண்டி ஓடி அவர்களை அடிக்கும். வெகு சடுதியாகக் குறைத்தால் உங்கள் சொந்த அலையே பின்பக்கத்தால் ஏறிப் படகுக்குள் தண்ணீர் ஊற்றவும் கூடும். அவர்களைக் கடந்த பிறகும் உடனே த்ரொட்டிலைத் தள்ளாதீர்கள், படகு மேலே ஏறும்போது அதே பெரிய அலை இன்னொரு தடவை கிளம்பும், பத்து மீற்றரில் கிளப்பினால் அதுவும் அவர்கள் கணக்கில்தான் விழும்.

எவ்வளவு குறைத்தால் போதும் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீருக்குள் அமர்ந்து போகும் படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஓர் உச்ச வேகம் உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் அது நொட்டில் வரும். உங்கள் 19 அடிப் படகு ஏறத்தாழ 17 அடி தண்ணீரைத் தொடும், கணக்குப் போட்டால் 5.5 நொட், அதாவது மணிக்கு 10 கிலோமீற்றர் சொச்சம். அந்த உச்சத்தை நெருங்க நெருங்கத்தான் அலை பெருக்கத் தொடங்கும். சட்டம் சொல்கிற 10 கிலோமீற்றரும் உங்கள் படகு அலை பெருக்கும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைப் பாருங்கள். அலை எழுப்பாதே என்று பலகை போட்ட இடத்தில், மரீனாவுக்குள்ளே, பெற்றோல் நிரப்பும் டொக்குக்குப் பக்கத்தில், 10இல் போகிறேன் என்று சொல்லிப் பயனில்லை, 5 அல்லது 6தான் சரி, கியரில் போட்டு விட்டபடி ஊர்ந்து போவது. வேகமானியைவிடப் பின்னால் திரும்பிப் பார்ப்பதை நம்புங்கள். பின்னால் வெள்ளை நுரையோடு அலை விரிந்தால் நீங்கள் இன்னும் வேகம்.

கொட்டேஜ்காரர் கோபப்பட்டதற்கும் காரணம் இதேதான், ஆனால் அங்கே தூரமும் சேர்ந்துகொள்கிறது. கடலோரம் வளர்ந்தவன் என்று எழுதியிருந்தீர்கள். நம்மூரில் கரையில் அலை எப்போதும் இருக்கும், வள்ளத்தைக் கரைக்கு ஏற்றி வைப்பதிலிருந்து எல்லாமே அலை வரும் என்று தெரிந்து செய்யப்பட்டவை. இந்த ஏரிகள் அப்படியல்ல. இங்கே டொக்குகள் பல மிதப்பவை, படகை அதோடு இரண்டு மூன்று கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், நடுவில் இரண்டு ரப்பர் தலையணை தொங்கும். அமைதியான தண்ணீர் என்று நம்பிச் செய்தவை. இரண்டடி அலை ஒன்று வந்தால் டொக் ஒரு தாளத்தில் ஆடும், படகு இன்னொரு தாளத்தில் ஆடும், தலையணை வெளியே உருண்டுவிடும், கயிறு கட்டிய கொளுக்கி பலகையோடு கழன்று வரும். அந்த நேரம் ஒரு காலைப் படகிலும் ஒரு காலை டொக்கிலும் வைத்து யாராவது நின்றால், ஒரு பிள்ளை படகுக்கும் டொக்குக்கும் நடுவில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தால், என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஆழத்தில் அலை நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் உங்களுக்கு அது ஓர் அலையாகவே தெரியாது, ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போதுதான் அது குறுகி, செங்குத்தாகி, உடையும். நீங்கள் ஏரியில் பார்ப்பதும் அவர் கரையில் பார்ப்பதும் ஒரே அலைதான், ஆனால் ஒரே உருவம் இல்லை.

30 மீற்றருக்கு அப்பால் நின்றேன் என்கிறீர்கள். ஆழமான தண்ணீரில் படகின் அலை தூரத்தோடு குறைவது நாம் நினைப்பதைவிட மிக மெதுவாகத்தான் நடக்கும். அலையின் உயரம் பாதியாக வேண்டுமென்றால் தூரம் ஏறத்தாழ 8 மடங்காக வேண்டும், அதாவது 30 மீற்றரில் இருந்ததில் பாதி உயரத்தைப் பார்க்க 240 மீற்றர் போகவேண்டும். உயரம் இரட்டித்தால் அலையின் சக்தி நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விலகிப் போனால் சரி என்று நாம் நினைக்கிற கொஞ்சம் போதாது. வயிற்றில் தண்ணீர் நிரப்பி வேண்டுமென்றே பெரிய அலை கிளப்பும் வேக்சேர்ஃப் படகுகளை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். சாதாரணப் படகொன்றின் அலை 200 அடியில் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு அந்தப் படகுகளின் அலை இறங்க 500 அடிக்கு மேல் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலம் 2024இல் அந்த விளையாட்டைக் கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால் தள்ளியது. உங்களிடம் அப்படிப்பட்ட படகு இல்லைதான், ஆனால் எட்டுப் பேரை ஏற்றி, பின்னுக்குப் பாரம் கூடி, ரியூபில் பிள்ளைகளை வைத்து, நடுத்தர வேகத்தில் வளைந்து வளைந்து இழுக்கும் எந்தப் படகும் அதற்குக் கிட்ட வந்துவிடும்.

ரியூப் இழுப்பதில்தான் இந்த ஏரிகளில் சண்டை அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு படகு ஒரு தடவை கடந்து போனால் எந்தக் கொட்டேஜ்காரரும் கத்த மாட்டார். அதே விரிகுடாவில் அரை மணித்தியாலமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் கத்துவார். பிள்ளைகள் சிரிக்கவேண்டும் என்று இறுக்கி வளைக்கிறோம், வளைக்கும்போது படகு வேகம் இழந்து அந்த நடுநிலைக்கு இறங்கும், பெரிய அலை கிளம்பும், முந்திய சுற்றின் அலையோடு அது குறுக்கே மோதும், கரையில் கொங்கிறீற் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பியும் வரும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கொதிக்கிற பானை மாதிரி ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகளை இழுப்பதே ஆபத்து. ஏரியின் நடுவுக்குப் போங்கள், நீண்ட நேர்கோட்டில் இழுங்கள், திரும்பும்போது அகலமாகத் திரும்புங்கள், பதினைந்து இருபது நிமிடத்துக்கொரு தடவை இடத்தை மாற்றுங்கள். தூண்டில் போட்டு மெதுவாகப் போகிற படகைக் கண்டால் அதன் பின்னால் குறுக்கே போகாதீர்கள், நூல் வெகுதூரம் பின்னுக்கு இருக்கும். இழுக்கும்போது பின்னால் பார்க்க ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் இருந்தாகவேண்டும், இழுபடுகிறவர்கள் எல்லோருக்கும் படகுக்குள் இருக்கை இருக்கவேண்டும், பொழுது பட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இழுக்கக்கூடாது. இவை சட்டம்.

கரையோரம் மனிதருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிற லூன் பறவைக்குக் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கின்றன, தரையில் ஒழுங்காக நடக்க முடியாது, அதனால் தண்ணீரோடு ஒட்டியபடிதான் கூடு வைக்கும். ஜூனில் ஒரு நல்ல அலை போதும், முட்டை தண்ணீருக்குள். அதே மாதத்தில்தான் காட்டு நெல்லும் இலையைத் தண்ணீர் மேல் படுக்கவிட்டு, வேர் இன்னும் பிடிக்காமல் மிதந்து நிற்கும், அலை வேரோடு பிடுங்கிவிடும். கவார்த்தாப் பக்கத்துப் பூர்வீகக் குடிகளான அனிஷினாபே மக்களுக்கு அது சாப்பாடு மட்டுமல்ல, அதைவிடப் பெரியது. நெல் விளைகிற மண்ணிலிருந்து வந்த எங்களுக்கு இதை இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி உங்களை முந்திய அந்த உல்லாசப் படகு. முந்துகிறவர் விலகிப் போகவேண்டும் என்பதுதான் விதி, பிழை அவருடையது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அடுத்த தடவை அம்மாவைக் காப்பாற்ற உங்களாலும் செய்யக்கூடியது இருக்கிறது. நீங்கள் 12இல் போய்க்கொண்டிருந்தால் உங்களை முந்த அவர் 16, 18இல் வந்தாகவேண்டும், அந்தக் கனத்த படகுக்கு அதுவே மோசமான வேகம். அதனால் பின்னால் பெரிய படகு வருவதைக் கண்டதும் கையைக் காட்டி, நீங்களே த்ரொட்டிலை இறக்கி ஊர்ந்து போங்கள், அப்போது அவரும் 8இல் வந்து உங்களைத் தாண்ட முடியும். இங்கே பழகிய படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற மரியாதை இது, இரண்டு பேரும் குறைத்தால்தான் வேலை செய்யும். அவர் குறைக்காமல் வந்தால் உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல மெல்லத் தட்டுவது போல அசையுங்கள், மெதுவாக என்று எல்லோருக்கும் விளங்கும். குறைத்தவருக்கு மறக்காமல் கையை உயர்த்தி நன்றி காட்டுங்கள்.

அப்படியும் அலை வந்துவிட்டால் முதல் வேலை வாயால்தான். "அலை வருது, இருங்கள், பிடியுங்கள்" என்று உரத்துச் சொல்லுங்கள், எல்லோரும் முதுகை உங்களுக்குக் காட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பார்கள். வேகத்தைக் குறையுங்கள், ஆனால் முழுதாக விடாதீர்கள், விட்டால் அணியம் சடாரென்று கீழே குத்தி அலை முன்பக்கத்தால் உள்ளே வரும், உங்களுடையதைப் போல முன்னால் திறந்த படகில் அது பொல்லாதது. கொஞ்சம் உந்து சக்தியை வைத்துக்கொண்டு அலையை நேருக்கு நேர் முட்டாமல், பக்கத்தையும் கொடுக்காமல், 45 பாகை அளவில் சரித்து ஏறுங்கள். முதல் அலை போனதும் முடிந்தது என்று வேகம் எடுக்காதீர்கள், மூன்று நான்காகத்தான் வரும், பெரியது பெரும்பாலும் முதலாவது அல்ல. பெரிய படகுகள் ஓடும் நாளில் முன்னிருக்கையில் ஒருவரையும் இருத்தாதீர்கள். அம்மாவுக்கு இடம் படகின் பின்பகுதியில், நடுவுக்குக் கிட்ட, அங்கேதான் ஆட்டம் குறைவு. எவ்வளவு வடிவாக முன்னால் காற்று வந்தாலும் சரி.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அப்படிப்பட்டவர்கள் இந்த ஏரிகளில் இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 2007இல் சிம்கோ ஏரி உட்பட ஒன்ராறியோவில் மீன்பிடிக்கப் போன ஆசியர்கள் தாக்கப்பட்டு, மாகாண மனித உரிமை ஆணைக்குழுவே விசாரணை நடத்தி அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. அதனால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது வெறும் கற்பனை இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இந்த மனிதர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது, ஓட்டத் தெரியாதவர்கள் ஏன் வருகிறீர்கள் என்பது. அந்த வசனத்தை வெள்ளைக்காரர் வெள்ளைக்காரரைப் பார்த்துக் கத்துவதை எல்லா வார இறுதியிலும் கேட்கலாம், வார்த்தை இன்னும் மோசமாகவும் இருக்கும். அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று நீங்களும் நானும் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. அவருடைய டொக்கில் அன்று என்ன அலை அடித்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியும், நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். நாளைக்கு யாராவது நிறத்தைச் சொல்லித் திட்டினால், பொருளை எறிந்தால், படகை வைத்து வெருட்டினால், தண்ணீரில் நின்று வாக்குவாதப்படாதீர்கள், பிள்ளைகள் படகில் இருக்கிறார்கள். நேரம், இடம், அந்தப் படகின் பதிவு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு விலகி வந்து மாகாணப் பொலிஸுக்கு அறிவியுங்கள். சகித்துக்கொண்டு போகச் சொல்லி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் காலையில் ஆளில்லாத நேரம் பார்த்து இதைச் செய்யுங்கள். உங்கள் மனைவியையோ தம்பியையோ நீங்கள் படகு இறக்குகிற இடத்து டொக்கில் தொலைபேசியோடு நிற்கவிட்டு, நூறு மீற்றர் தள்ளி நான்கு தடவை கடந்து போங்கள்: 6இல், 10இல், 20இல், 45இல். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் தண்ணீர் அடங்கும்வரை காத்திருங்கள். அலை டொக்கில் வந்து அடிப்பதை அவர்கள் படம் பிடிக்கட்டும். அந்த 20இன் படத்தைப் பார்த்தீர்களானால் நான் மேலே எழுதியதில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை. அதே படகில் ஆட்களை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி இருத்தி, எஞ்சினின் சரிவைக் கீழே இறக்கியும் பாருங்கள், பாரம் பின்னால் குவியாமல் இருந்தால் அணியம் எவ்வளவு கெதியாக இறங்குகிறது, அலை எவ்வளவு குறைகிறது என்று தெரியும்.

அப்புறம் அந்தக் கொட்டேஜ்காரரிடம் போய்ப் பேசுங்கள். படகில் போகாதீர்கள், மறுபடியும் அலையோடு வருகிறான் என்று நினைப்பார். காரில், வார நாளில், தனியாகப் போங்கள். அன்று ரியூப் இழுத்தது நான்தான், உங்கள் படகுக்கோ டொக்குக்கோ ஏதாவது சேதமா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் படம் எடுத்து உங்கள் காப்புறுதிக்காரருக்கு அனுப்புங்கள், அங்கேயே நின்று காசுத் தொகை எதுவும் ஒத்துக்கொள்ள வேண்டாம். இல்லையென்றால் அந்த விரிகுடாவில் எங்கே தண்ணீர் ஆழம், எங்கே பாறை, எங்கே இழுத்தால் ஒருவருக்கும் தொந்தரவில்லை என்று கேளுங்கள், ஏரிக்காரர்கள் அதைச் சொல்வதில் நல்ல விருப்பமுள்ளவர்கள். கதவைத் திறக்காவிட்டால் ஒரு துண்டில் இதையே எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் போட்டு, கதவிடுக்கில் வைத்துவிட்டு வாருங்கள்.